ஒரு வருஷத்துக்குப் போதுமான பல்

1

என் கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட்டு நேற்றோடு ஒரு வருஷம் ஆகிறது. மற்றவர்கள் கல்யாண நாளை நினைவு வைத்துக்கொள்வார்கள், கிரகப்பிரவேசத்தை நினைவு வைத்துக்கொள்வார்கள். நான் இதை வைத்துக்கொண்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

ஊர்ச் சங்கத்து மலருக்கு, வெளியே போய்க் குடியிருக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டும் என்று தபால் வந்தது. கனடாவில் இருக்கிறவர் எழுதுவார், சிங்கப்பூரில் இருக்கிறவர் எழுதுவார். கல்கத்தா என்ன வெளிநாடா, பாஸ்போர்ட்டா விசாவா, ரயிலில் ஏறி உட்கார்ந்தால் வந்துவிடுகிற ஊர்தானே என்று உங்களுக்குத் தோன்றும். முப்பத்திரண்டு வருஷம் முன்னால் ஹவுரா ஸ்டேஷனில் இறங்குகிற வரைக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாம் பேசினால் யாருக்கும் புரியாத இடம் எதுவோ, அது வெளிநாடு. இப்போது அது கல்கத்தா இல்லை, பேரை மாற்றியாயிற்று என்று மகன் திருத்துவான். மாற்றினவர்கள் அப்படிக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

2

என் வீட்டுக்காரர் கிடர்பூரில் வேலை பார்த்தார். எந்த ஆபீஸ் என்று எழுதக் கூடாது என்று மகன் சொல்லியிருக்கிறான், அதனால் எழுதவில்லை. கப்பலில் இருந்து சரக்கு இறக்குகிற கிரேன் ஓட்டினார். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் மூன்றாவது மாடி. கீழே நாள் முழுக்கக் கைவண்டியும் லாரியும் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டு போகும்.

வந்த புதிதில், குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் வங்காளத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன். ஒரு வாரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம். என்ன தப்போ, அவள் சிரித்தாள். இன்னொருத்தியைக் கூப்பிட்டுச் சொன்னாள், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு முன்னால் படியேறி மூன்று மாடிக்கும் போய்விட்டது. அன்றைக்கு வாயை மூடினேன். எவ்வளவு, கொடு, வேண்டாம் என்கிற மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் காய்கறி வாங்கினேன்.

வாயை மூடினால் காதும் மூடிக்கொள்ளுமா. ஐந்தாறு வருஷத்தில் எல்லாம் புரிந்தது. குழாயடிச் சண்டை புரிந்தது, ரேடியோ நாடகம் புரிந்தது, என்னைப் பற்றி என் எதிரிலேயே பேசுவதும் புரிந்தது. புரிகிறது என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. சிரித்தவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "கள்ளி, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு ஒண்ணுந் தெரியாதவ மாதிரி உக்காந்திருக்கியே" என்பார். அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. அவருக்குப் பிறகு அது தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

ஒரே மகன், சங்கரலிங்கம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, இந்த ஊர்ப் பையன்களோடு பந்து விளையாடி வளர்ந்தான். இப்போது சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை, அங்கேயே ஃபிளாட், வீட்டுக்காரர் போன பிறகு நானும் அவர்களோடுதான். மருமகள் மிதாலி வங்காளத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புருஷனும் பெண்டாட்டியும் வங்காளத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெரியக் கூடாததையும் என் எதிரிலேயே பேசுவார்கள். அந்தக் காலத்தில் டிராமில் எதிரே உட்கார்ந்திருக்கிறவருடைய மூக்கைப் பற்றி நானும் என் வீட்டுக்காரரும் தமிழில் சத்தமாகவே பேசிச் சிரித்திருக்கிறோம். அதே வசதி என் மகனுக்கு என் எதிரில் கிடைத்திருந்தது.

3

போன வருஷம் பூஜோ சமயத்தில் பல் வலி வந்தது. இந்த ஊரில் துர்க்கை பூஜை என்றால் நாலு நாளைக்கு டாக்டரும் கிடையாது, கடையும் கிடையாது. தெருக்கோடிப் பந்தலில் டாக் என்கிற பெரிய மேளத்தை அடிப்பார்கள். ஒவ்வொரு அடியும் என் பல்லில் விழுந்தது. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பூஜை முடிந்ததும் வீட்டுக்காரருடைய ஆபீஸ் ஆஸ்பத்திரிக்கு, பென்ஷன் அட்டையை எடுத்துக்கொண்டு போனோம். அட்டையில் அவர் பேர் இருந்தது. இவர் எங்கே என்றார்கள். செத்துப் போனார் என்றோம். அப்படியானால் நீங்கள் உயிரோடு இருப்பதற்கு இந்த வருஷத்துச் சான்று எங்கே என்றார்கள். வருஷா வருஷம் நவம்பரில் நான் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இது அக்டோபர். போன நவம்பர் சான்றைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகு, ஒரு சின்ன வயசு டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லி, திறந்து முடிப்பதற்குள் "பிடுங்கிவிடலாம்" என்றார். பிடுங்குவதற்கு அட்டை போதும். காப்பாற்ற வேண்டும் என்றால் அது வேறு ஃபாரம், வேறு ஆபீஸ், மூன்று கையெழுத்து.

எனக்கு வலது பக்கம் மேல் வரிசையில் பல் இல்லை. போய் வெகு காலம் ஆகிறது. மெல்லுவதெல்லாம் இடது பக்கம்தான். இதுவும் போனால் சோற்றைக் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான். இதைச் சொன்னது நான் இல்லை, மிதாலி. அவளுடைய அரைகுறைத் தமிழில், "மா ஒரு பக்கம்தான் சாப்பிடுது. அந்தப் பக்கமும் எடுத்தா மா எதில் சாப்பிடுது?" என்று புருஷனிடம் சண்டை போட்டு, பக்கத்து பிளாக்கில் ஒரு பல் டாக்டரம்மாவின் சேம்பருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இங்கே டாக்டர் உட்கார்ந்து பார்க்கிற இடத்தைச் சேம்பர் என்பார்கள்.

மூன்று தடவை போனேன். பல்லுக்குள் ஊசி மாதிரிக் கம்பிகளை விட்டு, வேரில் இருக்கிற நரம்பையெல்லாம் சுரண்டி எடுத்து, அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். வலி நின்றது. பல் நிற்கிறது, ஆனால் உள்ளே உயிர் இல்லை.

4

நாலாவது தடவை மகன் கூட வந்தான். மிதாலிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். நோயாளியைப் பார்த்துத்தான் பேசுவார், கூட வந்தவரைப் பார்த்துப் பேச மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது. பேசினது வங்காளத்தில். அதை நான் தமிழில் எழுதுகிறேன். மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி மரியாதையாகக் கூப்பிடுவது.

"மாஷிமா, நரம்பு எடுத்த பல் காய்ந்த குச்சி மாதிரி. வலிக்காது, ஆனால் அழுத்திக் கடித்தால் பிளந்துவிடும். வேர் வரைக்கும் பிளந்தால் அப்புறம் பிடுங்கத்தான் வேண்டும். இப்போது வைத்திருக்கிற அடைப்பு தற்காலிகம். அதை எடுத்துவிட்டு நல்ல அடைப்பு மட்டும் வைத்து விடலாம். உங்களுக்குச் சுவர் ஒரு பக்கம் மெல்லிசாக இருக்கிறது, அதனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். இல்லாவிட்டால் மேலே மூடி போடலாம். முழுக்க உலோகத்தில் ஒன்று, பல்லை அதிகம் ராவ வேண்டாம், உடையாது, ஆனால் வெள்ளையாக இருக்காது. உலோகத்துக்கு மேலே பீங்கான் பூசினது ஒன்று, பல் மாதிரியே இருக்கும், ஆனால் நிறைய ராவ வேண்டும், சில சமயம் பீங்கான் தெறிக்கும்."

இத்தனையும் சொல்லிவிட்டு, மாஷிமாவுக்குச் சொல்லுங்கள் என்று என் மகனைப் பார்த்தார். அவன் தமிழில் சொன்னான்: "அம்மா, பல் அடைக்கணும்னு சொல்றாங்க."

அவ்வளவுதான். டாக்டரம்மா கால் மணி நேரம் சொன்னது நாலு வார்த்தை ஆயிற்று. என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எச்சில் உறிஞ்சுகிற குழாய் உதட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, கன்னத்துக்குள் இரண்டு பக்கமும் பஞ்சு.

பிறகு அவன் வங்காளத்தில் டாக்டரம்மாவிடம் சொன்னான். "சும்மா அடைத்துவிடுங்கள் போதும். மாசிக்கு அப்புறம் அம்மா மெட்ராஸ் பக்கம் போகிறார்கள். அங்கேயே இருந்துவிடப் போகிறார்கள். மற்றதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்வார்கள்."

"அடைப்பு எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. மிஞ்சினால் ஒரு வருஷம்."

"ஒரு வருஷம் போதும்" என்றான்.

நான் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விளக்கைப் பார்த்தால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும், அதனால் யாரும் கேட்கவில்லை.

டாக்டரம்மா மட்டும், "அவசரம் இல்லை. தற்காலிக அடைப்பு இன்னும் பத்து நாள் தாங்கும். வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். பல் மாஷிமாவுடையது" என்றார்.

5

மெட்ராஸ் பக்கம் எனக்கு யாரும் கிடையாது. மகன் ஏதோ ஏற்பாடு செய்துவிட்டு என்னிடம் சொல்லாமல் இருக்கிறான் என்பது மட்டும் புரிந்தது. சைக்கிள் ரிக்ஷாவில் திரும்பும்போது சொல்வான் என்று பார்த்தேன். "அம்மா, வலிக்குதா?" என்றான். அடுத்த நாள் சொல்வான் என்று பார்த்தேன். "அம்மா, சாப்ட்டியா?" என்றான்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். ஊர் ஊர் என்று சொன்னது நான்தான். வந்த நாளில் இருந்து, அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லாத மாதம் இல்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி, அதை முப்பத்திரண்டு வருஷமாக முழுசாகக் காலி செய்யவில்லை. இரண்டு பட்டுப்புடவையும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் புறப்படத் தயாராக இருந்தபடியே கறுத்துப் போயின. யாராவது மீன் நாற்றமடிக்கிற கையால் மணியடித்தால் ஊரைச் சொல்வேன். முட்டளவு மழைத்தண்ணீர் நின்றால் ஊரைச் சொல்வேன். அது ஒரு கௌரவம். இங்கே இருக்க வேண்டிய தலையெழுத்து எனக்கு இல்லை, ஏதோ வந்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்கிற கௌரவம்.

நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஊருக்கு நான் நாலு தடவை வந்தேன். கடைசியாக வந்தபோது என் தகப்பனார் வீட்டில் வேறு யாரோ செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண், "எந்த ஊரு அம்மா நீங்க, பேச்சு ஒரு மாதிரியா இருக்கே" என்று கேட்டாள். கல்கத்தாவில் சிரித்தார்கள் என்று வாயை மூடினேன். அங்கே என்ன செய்வது? அதற்குப் பிறகும் ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்வதை நான் நிறுத்தவில்லை. போவதற்காகச் சொன்னதில்லை அது. அதை என் மகன் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் ஒரு தாளைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தான். இங்கிலீஷில் அச்சடித்தது.

"அம்மா, இங்க சைன் பண்ணு."

"என்னலே இது?"

"ஆபீஸ் பேப்பர். பல்லுக்கு."

"பல்லுக்கா? அஞ்சு நாளா ஒரு பேப்பரையுங் காணும்."

"ஆபீஸ்ல கேக்கறாங்க அம்மா. சைன் பண்ணு."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்ன வயசில் பொய் சொன்னாலும் இப்படித்தான் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டுவான். கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டேன், அப்புறம் போடுகிறேன் என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். கண்ணாடி என் மடியில்தான் இருந்தது. என் கையெழுத்து தமிழில் இருக்கும். வீட்டுக்காரர் போனபோது, பென்ஷன் ஆபீஸில் பெருவிரலை வை என்று மைப்பெட்டியைத் தள்ளினார்கள். பேனாவைக் கொடு என்று வாங்கி, முழுப் பேரையும் எழுதினேன். அதை நான் கண்ட தாளில் போடுவதில்லை.

6

மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, புடவை மாற்றிக்கொண்டு, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ரிக்ஷா பிடித்துச் சேம்பருக்குப் போனேன். தனியாக.

டாக்டரம்மா என் பின்னால் மகனைத் தேடினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, வங்காளத்தில் சொன்னேன்: "அவன் வரவில்லை. பல் என்னுடையது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் பேசுகிறேன்."

முப்பத்தொரு வருஷத்தில் முதல் முழு வாக்கியம். வார்த்தை தடுமாறவில்லை. டாக்டரம்மா முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாஷிமா, அன்றைக்கு எல்லாம் புரிந்ததா?"

"ஒரு வருஷம் போதும் என்றது உட்பட."

அவர் சிரித்தார். குழாயடிச் சிரிப்பு இல்லை அது. "உங்கள் வங்காளம் கிடர்பூர் வங்காளம். லாரிக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள்."

"லாரிக்காரர்களிடம்தான் படித்தேன். ஜன்னலில் இருந்து."

தாளை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். முதலில் சீக்கிரமாக, பிறகு மெதுவாக. "இது பல் விஷயம் இல்லை மாஷிமா. உங்கள் பென்ஷனை மெட்ராஸில் ஒரு பேங்குக்கு மாற்றும்படி நீங்கள் கேட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறது. விலாசம் போட்டிருக்கிறது." கடைசி வரிக்கு விரலைக் கொண்டு போனார். "ஒரு முதியோர் இல்லத்து விலாசம்."

தாளைத் திரும்ப வாங்கி மடித்தேன். மடிக்கிறபோது ஓரம் நேராக வர வேண்டும் எனக்கு. வந்தது.

"அந்த உலோக மூடி," என்றேன். "அது எத்தனை வருஷம் தாங்கும்?"

"சரியாகத் தேய்த்து வைத்துக்கொண்டால் பத்து, பதினைந்து. அதற்கு மேலும்."

"பீங்கான் வேண்டாம். பின்னால் இருக்கிற பல்லை யாருக்குக் காட்டப் போகிறேன்? தெறிக்காதது போடுங்கள்."

"வெள்ளையாக இருக்காது, பரவாயில்லையா?"

"மென்றால் போதும்."

அன்றைக்கே பல்லைச் சுற்றி ராவினார். ஒரு தகரக் கரண்டியில் ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி ஒன்றை நிரப்பி வாய்க்குள் அழுத்தி அச்சு எடுத்தார். அதைப் பட்டறைக்கு அனுப்பி மூடி செய்து வாங்க வேண்டுமாம், ஒரு வாரம். நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்லி எங்கே இடிக்கிறது என்று பார்த்தார். அந்த வாரத்தில் நான் ஒப்புக்கொண்ட காகிதம் அது ஒன்றுதான்.

7

அன்று சாயங்காலம் மகன் வந்து ஷூவைக் கழற்றினான். மிதாலி டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சைன் பண்ணிட்டியா அம்மா?"

"உக்காரு" என்று தமிழில் சொன்னேன். பிறகு வங்காளத்தில் சொன்னேன்: "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லு. உனக்கு எந்தப் பாஷையில் சொல்ல வருமோ அந்தப் பாஷையில் சொல்லு."

அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது. மிதாலி வாசலில் வந்து நின்றாள். என் மகன் என்னைப் பார்த்த பார்வை, செத்துப்போன யாரோ எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து. சொல்லு."

முதலில் திக்கினான். பிறகு பேசினான். அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் மகன் அவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று எனக்குத் தெரியாது. தமிழில் அவனிடம் இருந்ததெல்லாம் பசிக்குது, வலிக்குது, தூக்கம் வருது, சைன் பண்ணு. வங்காளத்தில் அவன் முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை.

"நீ இங்கே எதையாவது ஒரு நாள் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா மா? சாதம் குழைஞ்சா கல்கத்தா அரிசி. பால் திரிஞ்சா கல்கத்தா பால். நான் பள்ளிக்கூடத்தில முதல்ல வந்தப்போ, நம்ம ஊர்ல படிச்சிருந்தா இன்னும் நல்லா வந்திருப்பான்னு அப்பாகிட்ட சொன்னே. நானும் கல்கத்தாதானே மா. என்னையும் சேர்த்துத்தான் நீ திட்டினே."

நான் தாளின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

"மிதாலி ஆறு வருஷமா இந்த வீட்டில மீன் பொரிச்சதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவ அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு, வர்ற வழியில சோம்பு மென்னுக்கிட்டு வர்றா. நீ அதுக்கும் முகத்தைத் திருப்பிக்கிறே. அவ பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருக்கியா? அந்தப் பொண்ணு, அந்தப் பொண்ணு. ஊருக்குப் போறேன், ஊருக்குப் போறேன்னு சொன்னே. சரி, தமிழ்க்காரங்க இருக்கிற இடம், தமிழ்ச் சாப்பாடு, கோயில் பக்கத்தில. நான் தேடித் தேடிப் பார்த்தேன்."

"அதை என்னிடம் சொல்வதற்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? தமிழ்ல எனக்கு அதுக்கு வார்த்தை இல்லை."

மிதாலி வாசலை விட்டு உள்ளே வந்தாள். புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள்: "அம்மாதான் போகணும்னு கேட்டாங்கன்னு என்கிட்ட சொன்னியே?"

"கேட்டாங்கதானே. முப்பது வருஷமா."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவன் கொண்டு வந்த தாள் பொய், அவன் சொன்ன வார்த்தை மெய். நான் அதற்கு நேர்மாறாக, மெய்யான கையெழுத்தும் பொய்யான பேச்சுமாக இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் கிடையாது. தாளை மறுபடி மடித்தேன்.

"நான் போகவில்லை," என்றேன். "பல்லுக்கு உலோக மூடி சொல்லியாயிற்று. அது பதினைந்து வருஷம் வரும். மிதாலி, நாளைக்கு மீன் வாங்கிக்கொள். எனக்குப் பால்கனியில் ஒரு அடுப்புப் போட்டுக் கொடுத்துவிடு."

"மா, அப்படி எதுக்கு? நான் ஒரு நாளும் கேட்கலையே" என்று அவள் அழுதாள்.

"கேக்கலே. அதான் குடுக்கேன்" என்றேன், தமிழில். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

8

மூடி வந்தது. பசை வைத்து அழுத்தி உட்கார வைத்தார்கள். முதல் இரண்டு நாள் வாய்க்குள் யாரோ விருந்தாளி வந்த மாதிரி நாக்கு போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. கையெழுத்துப் போடாமல் தகரப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவனும் கேட்கவில்லை. கேட்காததினாலேயே அது அங்கே இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பால்கனியில் என் அடுப்பு. மழைக்குப் பிளாஸ்டிக் துணி கட்டியிருக்கிறது. அடுப்படியில் கடுகெண்ணெயில் மீன் பொரியும்போது நான் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒரு வருஷத்தில் அந்த வாடை பழகிவிடும் என்று மிதாலி சொன்னாள். பழகவில்லை. சொல்லவும் இல்லை. நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவள் இப்போது தமிழ் பேச முயல்வதில்லை, எதற்கு முயல வேண்டும், எனக்குத்தான் எல்லாம் புரிகிறதே.

நானும் என் மகனும் அன்று முதல் வங்காளத்தில்தான் பேசிக்கொள்கிறோம். யாரும் தீர்மானம் போடவில்லை. அவ்வளவு பெரிய விஷயத்தை அந்தப் பாஷையில் பேசி முடித்துவிட்டு, மறுநாள் காலையில் சாப்ட்டியா என்று தமிழுக்குத் திரும்பி வர இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் கூச்சம் அப்படியே நின்றுவிட்டது. இப்போது அவன் ஆபீஸ் சண்டையெல்லாம் என்னிடம் சொல்கிறான். அவனுக்கு ரத்த அழுத்தம் இருப்பது, பழைய வேலையை ஏன் விட்டான் என்பது, எல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். அறுபத்தெட்டு வயசில் என் மகனோடு எனக்கு அறிமுகம் ஆகியிருக்கிறது. அம்மா, பசிக்குது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கிதே பேயேச்சே மா என்று அவர்கள் சொல்வதைச் சொல்கிறான். இரண்டும் பசிதான். நான் தட்டை எடுத்து வைக்கிறேன், ஆனால் முன்பு போல எழுந்து ஓடுவதில்லை.

வீட்டில் தமிழ் பேச இனி ஆள் இல்லை. உங்கள் மலருக்கு எழுத நான் ஒத்துக்கொண்டதற்கு அது ஒரு காரணம். இத்தனை பக்கமும் நான் தமிழில் பேசியிருக்கிறேன், நீங்கள் நடுவில் எழுந்து போயிருந்தாலும் எனக்குத் தெரியாது.

நேற்று அவன் ஆபீஸில் இருந்து வந்தபோது நான் பால்கனியில் வறுத்த பட்டாணி மென்றுகொண்டிருந்தேன். இடது பக்கம். சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டிருக்கும். வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

"ஒரு வருஷம் ஆயிற்று, இல்லையா மா?" என்றான் வங்காளத்தில். அவனும் நாளை நினைவு வைத்திருந்தான்.

"ஆயிற்று."

"வலி ஏதாவது இருக்கிறதா?"

இல்லை என்றேன். பொய் இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பக்கத்துப் பல் இரண்டும் கூசும். நடுவில் இருக்கிற இதற்கு மட்டும் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. போட்டதை அரைக்கும்.